புது மோட்டார் மேல் பழைய சேறு

பைக் சில நாள் ஸ்டார்ட் ஆகிறது, சில நாள் ஆகவில்லை என்று ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரே கோளாறுக்காக நான் மூன்று தடவை பணம் கட்டினேன். கட்டிய பணத்துக்கும் வண்டியில் இருந்த கோளாறுக்கும் மூன்று தடவையும் சம்பந்தமே இல்லை. கடை பெயரைப் போடப் போவதில்லை, கேட்காதீர்கள்.

முதலில் வண்டியின் நிலைமை. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் மீட்டர் விளக்கு எரியும். ஹாரன் கணீரென்று அடிக்கும். பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி உறுமிவிட்டு நிற்கும். செல்ஃப் பட்டனை அழுத்தினால் மட்டும் ஒன்றும் இல்லை, ஒரு சின்னச் சத்தம்கூட வராது. இறங்கி, திட்டி, வண்டியை நாலு அடி நகர்த்தி, மறுபடி ஏறி அழுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும். கிக்கர் இல்லாத வண்டி. இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளினால் உடனே பிடித்துக்கொள்ளும். இந்தக் கடைசி விஷயத்தை நான் ஒவ்வொரு தடவையும் கடையில் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

முதல் தடவை பேட்டரி. மெக்கானிக் ஒரு ஒயரை எடுத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் சட்டென்று தட்டினார். பொறி பறந்தது. "பாருங்க சார், பொறி வீக்கா இருக்கு. பேட்டரி போச்சு" என்றார். பொறியில் வீக்கு எது, ஸ்ட்ராங்கு எது என்று எனக்கு எப்படித் தெரியும்? தலையை ஆட்டினேன். இன்றைக்கு யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஒயரைத் தட்டிப் பொறி பார்ப்பது சோதனையே இல்லை. பேட்டரியைக் கெடுக்கிற வேலை அது, கையையும் சுட்டுவிடும்.

புது பேட்டரி போட்டதும் ஒன்பது நாள் வண்டி ஒழுங்காக ஓடியது. அந்த ஒன்பது நாளும் அவர் கைராசிக்காரர் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டு வரும் கோளாறில் ஏமாறுவது இப்படித்தான். எதை மாற்றினாலும் கொஞ்ச நாள் அது சரியானது போலவே தெரியும். ஹேண்டிலில் ஒரு ரிப்பன் கட்டிவிட்டிருந்தாலும் அந்த ஒன்பது நாள் ஓடியிருக்கும்.

பத்தாவது நாள் மறுபடி அதே மௌனம். இரண்டாவது தடவை ரிலே மாற்றினார்கள். பட்டனை அழுத்தினால் என்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ஸ்விட்ச் அது. ஆறு நாள் ஓடியது. மூன்றாவது தடவை, "அப்போ செல்ஃப் மோட்டார்தான். புதுசு போட்டுடலாம்" என்றார்கள். போட்டார்கள், பில்லிலும் 'புதியது' என்றே எழுதிக் கொடுத்தார்கள். நாலே நாளில் மறுபடி நின்றது. நான் போய் நின்றபோது "இசியூவா இருக்கும் சார்" என்று, என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரையே அவர் ஆரம்பித்ததும்தான் எனக்கு உறைத்தது. யோசித்துச் சொல்கிற ஆளாக அவர் தெரியவில்லை, விலைப்பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கிற ஆளாகத்தான் தெரிந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து டார்ச் அடித்து அந்த மோட்டாரைப் பார்த்தேன். என்ஜின் மேல் ஒட்டினாற்போல இருக்கும் உருளை அது. அதன் அடிப்பக்கம், நட்டுக்குப் பக்கத்தில், காய்ந்து வெடித்த சேறு ஒரு பிறை மாதிரி ஒட்டியிருந்தது. ஆயில் கசிவதாகச் சந்தேகப்பட்டு ஒரு மாதம் முன்பு அதே இடத்தை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் அதே பிறை, அதே வெடிப்பு. நட்டின் முனைகளிலும் ஸ்பேனர் பட்ட கீறலே இல்லை. மோட்டாரை மாற்றியது இருக்கட்டும், கழற்றவே இல்லை.

அடுத்த தடவை வண்டி மக்கர் செய்தபோது அதைத் தொடவில்லை. கட்டட ஒயரிங் வேலை பார்க்கும் என் மச்சானுக்கு போன் போட்டேன். "மாமா, நகத்தாதீங்க. அழுத்தி அழுத்திப் பாக்காதீங்க. அப்படியே விட்டுட்டு உள்ள போய் உக்காருங்க, வரேன்" என்றார். மூன்று பில்லுக்கும் கிடைக்காத வைத்தியம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. கோளாறு இருக்கும்போதுதானே அதைப் பார்க்க முடியும்!

வந்தவர் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தார். 12.6 வோல்ட். முழு சார்ஜ் உள்ள பேட்டரி சும்மா இருக்கும்போது கிட்டத்தட்ட அந்த அளவுதான் காட்டும். 12-க்குக் கீழே போனால் காலி என்று வைத்துக்கொள்ளலாம். மீட்டரை எடுக்காமல் சாவியைத் திருப்பிவிட்டு செல்ஃப் பட்டனை அழுத்தச் சொன்னார். சாவியைத் திருப்பியதும் எண் கொஞ்சம் இறங்கி நின்றது. பட்டனை அழுத்தியபோது அது அசையவே இல்லை. "மோட்டார் சுத்த முயற்சி பண்ணினாக்கூட இது சட்டுன்னு இறங்கணும். இங்க யாரும் கரண்டே கேக்கலை" என்றார். நல்ல பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது பத்து, பதினொன்று வோல்ட்டுக்கு இறங்கும். ஒன்பதரைக்கும் கீழே விழுந்தால்தான் பேட்டரி மேல் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் ரிலேக்குப் போகும் சின்ன ஒயரில் மீட்டரை வைத்தார். பட்டனை அழுத்தினேன். பூஜ்யம். பட்டனிலிருந்து கை எடுக்காமல் ஹேண்டிலை மெதுவாக வலது பக்கம் திருப்பச் சொன்னார். பாதி தூரம் திரும்பியதும் மீட்டரில் 12, ரிலேயில் 'டிக்', என்ஜின் பட்டென்று ஓடியது. இடது பக்கம் முழுசாகத் திருப்பினால் மறுபடி மௌனம்.

ஹேண்டில் கழுத்துப் பக்கம் போகும் ஒயர்க் கட்டின் மேலுறையைப் பிரித்து ஒவ்வொன்றாக விரலால் மடக்கிப் பார்த்தார். மற்ற ஒயர்கள் விறைப்பாக வளைந்தன. ஒன்று மட்டும் ஒரு இடத்தில் நூல் மாதிரி தொய்ந்தது. வெளியே ரப்பர் முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு இழை அறுந்து முனையோடு முனை உரசிக்கொண்டிருக்கிறது. வருஷக்கணக்கில் ஹேண்டில் திரும்பித் திரும்பி அறுந்த இழை. கொஞ்சம் நீளமாக ஒரு துண்டு ஒயர் சேர்த்து, பற்றவைத்து, சூடு பட்டால் சுருங்கி இறுக்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் மாட்டினார். இருபது நிமிஷ வேலை.

வீட்டில் ஏன் நின்றது, கடையில் ஏன் ஓடியது என்பதும் அப்போது விளங்கியது. என் வண்டியில் ஹேண்டில் லாக் இடது பக்கம். பூட்டைத் திறந்த உடனே, ஹேண்டில் இடது பக்கம் இருக்கும்போதே பட்டனை அழுத்துவேன். கடையிலோ சென்டர் ஸ்டாண்டில் ஹேண்டில் நேராக நிற்கும், வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். "பாத்தீங்களா, ஆகுதுல்ல?" என்பார்கள். கோளாறை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காமலே மூன்று சாமானுக்குப் பில் போட்டார்கள். எனக்கு ஆத்திரம் அதில்தான். தெரியாமல் தப்பாகச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

உங்கள் வண்டியில் வேறு காரணம் இருக்கலாம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் பட்டனை அழுத்தும்போது என்ன சத்தம் வருகிறது என்று கவனித்து எழுதி வையுங்கள். படபடவென்று டிக் டிக் என்று அடித்தால் பேட்டரியோ அதன் முனைகளோதான். முதலில் முனைகளின் நட்டை முறுக்கிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும். ஒரே ஒரு டிக் வந்து மோட்டார் சுற்றவில்லை என்றால் ரிலேயின் உள்முனை, தடிமனான கேபிள், மோட்டாரின் கார்பன் பிரஷ் இவற்றில் ஏதோ ஒன்று. பலவீனமான பேட்டரியும் சில சமயம் அப்படிச் செய்யும். என்னுடையது போல எந்தச் சத்தமும் இல்லை என்றால் பெரும்பாலும் என்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச், கிளட்ச் லிவருக்கு அடியில் உள்ள குட்டி ஸ்விட்ச், சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச், ஃப்யூஸ், ஒயர் என்று அந்தப் பக்கம்தான் தேட வேண்டும். ரிலே டிக் என்றுகூடச் சொல்லாதபோது மோட்டாரைக் குற்றம் சொல்பவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

மோட்டார் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை, பெட்ரோல் அல்லது பொறி. சூடானால் நின்று, ஆறினால் ஓடுகிறதா? பொறியை உண்டாக்கும் இக்னிஷன் காயிலையோ, அதற்கு நேரம் காட்டும் பிக்கப் காயிலையோ பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் மூடியைத் திறந்ததும் காற்று உஸ்ஸென்று உள்ளே போய், அப்புறம் ஸ்டார்ட் ஆகிறதா? மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கும்.

பேட்டரிதான் என்று அடித்துச் சொன்னால் சார்ஜிங்கையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். என்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்தால் பேட்டரி முனையில் 13.5-லிருந்து 14.5 வோல்ட் வரை வர வேண்டும். வராவிட்டால் புது பேட்டரியும் அதே வழியில் போகும். கழற்றிய பழைய சாமானை என் கையில் கொடுங்கள் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு படங்களையும் போனில் வைத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "அண்ணே, இது புது மோட்டாரா?" முதலில் புதுசு என்றார். சேற்றைக் காட்டியதும் "பழசையே சர்வீஸ் பண்ணினோம், பையன் பில்லுல தப்பா எழுதிட்டான்" என்றார். கழற்றாமல் எப்படி சர்வீஸ் செய்தீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. அரை மணி நேரம் நின்ற பிறகு மோட்டாருக்கான பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார். பழைய ரிலே எங்கே என்றேன், குப்பையில் போட்டாச்சாம். என் பழைய பேட்டரி? பழைய சாமான்காரன் எடுத்துப் போய்விட்டானாம். அது 12 வோல்ட்டுக்கு மேல் இருந்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

கிளம்பும்போது வாசலில் நின்ற என் வண்டியைக் காட்டிக் கேட்டார். "அதான் இப்போ ஸ்டார்ட் ஆகுதுல்ல சார், அப்புறம் என்ன?"