அவோரியாவில் இல்லாத வீட்டுக்கு 2,340 யூரோ கட்டினோம், நீங்கள் ஏமாறாதீர்கள்

பிப்ரவரி விடுமுறைக்குக் குழந்தைகளோடு எந்தப் பனிமலைக்குப் போகலாம் என்று விரிவாக எழுதுவதாக நண்பர்களிடம் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை எழுதும் நிலையில் இப்போது இல்லை. நேற்று ராத்திரிதான் லண்டன் திரும்பினோம். 2,340 யூரோ போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. எங்கள் வீட்டில் யாருக்கும் பனிச்சறுக்கு தெரியாது. பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில்தான் தேடினோம், முதலில் பார்த்தது வால் தோரான்ஸ். 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பனி இருக்குமோ இருக்காதோ என்ற கவலை இல்லை, ஆனால் மரமே இல்லாத வெட்டவெளி. காற்றடித்தால் சின்னப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். ஷாமொனியில் சறுக்குமலைகள் தனித்தனியாகக் கிடக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். மோர்சின் அழகான ஊர், விலையும் பரவாயில்லை, ஆனால் வெறும் 1,000 மீட்டர். குளிர் குறைந்த வருஷங்களில் கீழே பனி நிற்பதில்லை. கடைசியில் மோர்சினுக்கு மேலே 1,800 மீட்டரில் இருக்கும் அவோரியா என்று முடிவானது. 1960களில் பனிச்சறுக்குக்கென்றே கட்டிய ஊர். உள்ளே கார் கிடையாது. வீட்டு வாசலிலிருந்தே சறுக்கிக்கொண்டு போகலாம். ஊர் நடுவிலேயே குழந்தைகள் கற்றுக்கொள்ளத் தனி இடம் இருக்கிறது. ஊரைத் தேர்ந்தெடுத்ததில் எங்கள் தப்பு எதுவும் இல்லை, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

வீடு பிடித்தது மலைப்பகுதி வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு இணையதளத்தில். பெயர் சொல்லப் போவதில்லை. அந்த வாரத்துக்கு மற்ற வீடுகள் எல்லாம் 3,000 யூரோவுக்கு மேல். இது 2,600. உரிமையாளர் என்று பேசியவர் இரண்டாவது நாளே வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னார். வங்கி மூலம் நேரடியாக அனுப்பினால் தளத்தின் கமிஷன் மிச்சம், 2,340 போதும் என்றார்.

ஏன் நம்பினேன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். அந்த ஆள் ஊரைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. பிரான்ஸில் பிப்ரவரி விடுமுறையை மூன்று மண்டலமாகப் பிரித்து விடுவார்கள், உங்கள் பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்து வருகிறது, அதனால் ஸ்கீ வகுப்புக்கு இப்போதே பதிவு செய்துவிடுங்கள் என்றார். சரியான அறிவுரை. வாடகை வீடுகளில் ஆள் மாறுவது சனிக்கிழமைதான், மலைப்பாதையில் நெரிசல் இருக்கும், மதியத்துக்குள் ஏறிவிடுங்கள் என்றார். பால்கனியிலிருந்து பனி விழும் வீடியோ அனுப்பினார். மகளின் கால் அளவு கேட்டார், வீட்டில் சின்ன பூட்ஸ் ஒரு ஜோடி இருக்கிறதாம். அந்த பூட்ஸில்தான் நான் விழுந்தேன்.

விளம்பரத்தில் ஒரு வரி இருந்தது: வாசலிலேயே இலவச பார்க்கிங். கார் நுழைய முடியாத ஊரில் வாசலில் எப்படி பார்க்கிங்? நான் கேட்கவும் செய்தேன். எங்கள் கட்டடத்துக்கு மட்டும் தனி அனுமதி உண்டு என்று உடனே பதில் வந்தது. சரி என்று விட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே 2,340 யூரோவை அனுப்பினேன்.

போன சனிக்கிழமை ஜெனீவாவில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, மோர்சின் தாண்டி வளைந்து வளைந்து மேலே ஏறினோம். ஊர் எல்லையில் கார் நிறுத்துமிடம். எந்தக் கட்டடத்துக்கும் கார் போகாது, இங்கேயே நிறுத்திவிட்டுக் குதிரை வண்டியில் போகலாம் என்றார் அங்கிருந்தவர். எனக்கு அப்போதே வயிற்றைப் பிசைந்தது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனால் கட்டடம் இருக்கிறது, அந்த எண்ணில் வீடு இல்லை. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் மட்டும். ஊரில் ஒரு அறை காலியில்லை. இருட்டில் மலையிறங்கி, கீழே க்லூஸ் என்ற ஊர்ப் பக்கம் ஒரு விடுதியில் நாலு பேரும் ஒரே அறையில் இரண்டு ராத்திரி. மகள் கேட்டாள், "அம்மா, அந்த மாமா என் பூட்ஸை யாருக்குக் கொடுத்துட்டாரு?"

அதன்பிறகு பட்டதுதான் பெரிய கொடுமை. தளத்தின் உதவிப் பக்கத்தில் முதலில் தானியங்கிப் பதில். ஆறு மணி நேரம் கழித்து ஒரு ஆள். "பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, எனவே எங்களுக்குப் பொறுப்பில்லை." அந்த மோசடி ஆள் உங்கள் தளத்தில் எப்படி வந்தார் என்று கேட்டேன். புகார் தீர்க்கப்பட்டது என்று மூடிவிட்டார்கள். என்ன தீர்ந்தது? திரும்பத் திறந்தேன், திரும்ப மூடினார்கள். என் வங்கியில் 50 நிமிடம் காத்திருந்தேன். 2024 அக்டோபரில் பிரிட்டனில் வந்த விதிப்படி, ஏமாந்து அனுப்பிய பணத்தை வங்கி திருப்பித் தர வேண்டும். ஆனால் அது நாட்டுக்குள் அனுப்பிய பணத்துக்கு மட்டும்தானாம். நான் அனுப்பியது எல்டி (LT) என்று தொடங்கும் கணக்கு எண்ணுக்கு. அது லித்துவேனியா. பிரெஞ்சு வீட்டுக்காரருக்கு அங்கே என்ன கணக்கு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை, என் கணவருக்கும் தோன்றவில்லை. போலீஸ் புகாருக்கு ஒரு எண் கிடைத்தது, அவ்வளவுதான்.

விரிவாக எழுத முடியவில்லை, இதை மட்டும் பாருங்கள். தளத்தை விட்டு வெளியே பேசக் கூப்பிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஐபான் எனப்படும் சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணின் முதல் இரண்டு எழுத்து எந்த நாடு என்று பாருங்கள். படத்தைக் கூகுளில் தேடுங்கள். நான் நேற்றுதான் தேடினேன், அதே பால்கனி வேறொரு ஊர் வீட்டில் இருக்கிறது. ஊரின் சுற்றுலா அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கட்டடத்தையும் வீட்டு எண்ணையும் கேளுங்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், 100 பவுண்டுக்கு மேல் என்றால் சட்டப் பாதுகாப்பு உண்டு.

இதை எழுதி முடித்துவிட்டு அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். விளம்பரம் இன்னும் இருக்கிறது. அதே பால்கனி, வாசலிலேயே இலவச பார்க்கிங், ஏப்ரல் முதல் வாரம் காலி.