பூச்சுக் கத்திக்கு ‘சாணை + புதுக் கோட்டிங்’ என்றால் கொடுத்துவிடாதீர்கள் (காரைக்குடி வட்டாரம்)

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும். கலர் கலராகப் பூச்சுப் போட்ட நான்ஸ்டிக் கத்திகளை மெஷினில் சாணை பிடித்து, மேலே புதுக் கோட்டிங்கும் அடித்துத் தருகிறோம் என்று ஒரு கடையில் வாங்குகிறார்கள். கத்திக்கு 250 ரூபாய். எங்கள் வீட்டுக் கத்திகள் மூன்றும் அங்கே போய்க் கெட்டுத் திரும்பின. கடைப் பெயர் போடவில்லை. இதே வேலையைச் செய்கிறவர்கள் மற்ற ஊர்களிலும் இருப்பார்கள், ஆகவே செய்த வேலையைச் சொல்கிறேன்.

வீட்டில் படைப்பு, அதாவது முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிடுவது. பங்காளிகள் எல்லாரும் கூடுவதால் காய் நறுக்கவே நாலைந்து பேர் உட்கார வேண்டும். அப்பத்தாவுக்கு அரிவாள்மனை இல்லாமல் கை ஓடாது. எங்களுக்கு சிங்கப்பூரிலிருந்து தம்பி கொண்டுவந்த பூச்சுக் கத்திகள். உருளைக்கிழங்கு வில்லை கத்தியோடு ஒட்டிக்கொண்டு வராமல் பலகையில் விழும், அந்தப் பூச்சின் வேலை அவ்வளவுதான். கூர்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூர் மழுங்கியிருந்தது, சாணைக்குக் கொடுத்தோம்.

பச்சையும் மஞ்சளுமாகப் போனவை மூன்றும் கறுப்பாக வந்தன! தின்னர் வாடை வேறு. நகத்தால் கீறினால் கறுப்பு சுருண்டு வந்தது, அடியில் பழைய பச்சை அப்படியே இருந்தது. சின்ன வெங்காயத்தை நறுக்கிப் பார்த்தால் வெள்ளைச் சதையில் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் பொடி. முனைப் பக்கம் ஓரம் நெளிநெளியாகத் தேய்ந்து, ஒரு விரல் நீளத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது.

திருப்பி எடுத்துக்கொண்டு போய், “அண்ணே, இது ஸ்ப்ரே பெயிண்ட்தானே?” என்று கேட்டேன்.

“இல்லங்க ஆச்சி, ஃபாரின் கெமிக்கல். ரெண்டு நாள் வெயில்ல வைங்க, இறுகிடும்.”

காரைக்குடி வெயிலில் வற்றல் காயும், கோட்டிங் இறுகாது. நான்ஸ்டிக் பூச்சை உலோகத்தைச் சுத்தமாக்கித் தெளித்து, சூளையில் வைத்துச் சூட்டில் இறுக்குவார்கள். டெஃப்லான் வகை என்றால் 350 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். கடைத்திண்ணையில் வைத்துச் செய்கிற காரியம் இல்லை. பழைய பூச்சு கொஞ்சம் உரிந்து வயிற்றுக்குள் போனால்கூட அது உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். ஸ்ப்ரே பெயிண்ட் அப்படியல்ல, சாப்பாட்டில் படுவதற்காகச் செய்ததே இல்லை அது.

பெயிண்டைச் சுரண்டிவிடலாம். நீலம் பாய்ந்ததற்குத்தான் வழியில்லை. கத்தி எஃகைக் கடினப்படுத்திய பிறகு, பெரும்பாலும் 200 டிகிரியை ஒட்டி மறுபடி சூடுகாட்டிப் பதம் வைப்பார்கள். தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுற்றும் கல்லில் அழுத்திப் பிடித்தால், ஓரம் மெல்லிசு என்பதால் சில நொடியிலேயே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். நீலம் தெரிந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் பட்ட அளவு எஃகையே தேய்த்து எடுத்தால்தான் உண்டு. அப்படி எடுத்தால் எங்கள் சின்னக் கத்தியில் பாதிதான் மிஞ்சும்.

பூச்சுக் கத்தியைத் தீட்டவே கூடாது என்றில்லை. தண்ணீரில் நனைத்த 1000 நம்பர் கல், பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வு, போதும். ஓரத்தில் மட்டும் பூச்சுப் போய் வெள்ளிக்கோடு மாதிரி எஃகு தெரியும். அது சேதமில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். அந்தக் கோட்டை மறைக்கப் புதுக் கோட்டிங் என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே கத்தியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வீட்டில் தீட்டுகிறவர்கள் ஓரத்துக்குச் சற்று மேலே காகித டேப் ஒட்டிக்கொண்டால், கல்லிலிருந்து வரும் சேறு பூச்சைக் கீறாது. கடைசியில் ஓரத்தில் நிற்கும் பிசிறை மிக லேசான கையோடு எடுத்துவிட வேண்டும். உள்ளே நுழைத்து இழுக்கும் சின்னத் தீட்டி இருக்கிறதே, அது பக்கவாட்டுப் பூச்சையும் சேர்த்துச் சுரண்டிவிடும், எனக்கு அது பிடிக்காது. பல் வைத்த கத்தியை மட்டக் கல்லில் வைக்கவே வேண்டாம்.

அப்புறம், கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து நறுக்கினால் எந்தக் கத்தியும் சீக்கிரம் மழுங்கும். மரப்பலகை வையுங்கள். கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள். கரண்டிகளோடு டிராயருக்குள் வீசாமல் உறை போட்டு வைத்தால் பூச்சு நிறைய நாள் தாங்கும். சாதாரணப் பூச்சுக் கத்தி 250 ரூபாய்க்குப் புதிதாகவே கிடைக்கிறது, அந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கேட்டதற்கு ஒரு கத்திக் காசை மட்டும் நீட்டினார். பில் கேட்டால், “கத்திக்கெல்லாம் பில்லா ஆச்சி?” என்று சிரிப்பு. கொடுக்கும்போதே துண்டுச் சீட்டிலாவது தொகையும் செய்யப்போகும் வேலையும் எழுதி வாங்குங்கள், கத்தியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ மனுக் கட்டணம் கிடையாது. நான் போட்டோக்களோடு 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதே கடையில் யாராவது கத்தி கொடுத்திருந்தால், கறுப்பை நகத்தால் ஒருமுறை கீறிப் பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள்.