வீடு கட்டுறப்போ கான்ட்ராக்டரோட இன்ஜினியர் போதுமா, வெளி ஆள வைக்கணுமா?

கான்ட்ராக்டரோட சைட் இன்ஜினியர் டெய்லி வருவாரு, தனியா ஃபீஸ் கெடையாது, ஆனா சம்பளம் குடுக்குறது கான்ட்ராக்டர்தானே, தப்புன்னா நம்மகிட்டயா மொதல்ல சொல்லுவாரு? வெளி இன்ஜினியர் விசிட்டுக்கு இவ்ளோன்னு வாங்குவாரு, எப்பவும் நிக்க மாட்டாரு, அதனால அஸ்திவாரம், பிளின்த் பீம் (அஸ்திவாரத்துக்கு மேல, செவுருக்கு அடியில ஓடுற கான்கிரீட் பீம்), ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தின நாள்னு பாத்து கூப்பிடணும். ரூஃப்புதான் முக்கியம், ஸ்லாபுக்கு 20 எம்எம், பீமுக்கு 25 எம்எம் கவர் பிளாக் (கம்பி வெளிய தெரியாம கான்கிரீட்டுக்குள்ள இருக்க முட்டுக்குடுக்குற சின்ன கட்டை) இருக்கான்னு கம்பி கட்டுனதும் பாத்தாதான் உண்டு, ஊத்திட்டா யாரு பாக்குறது, சில மேஸ்திரி ஜல்லிய முட்டுக்குடுத்துட்டு 20 வருசமா இப்டித்தான் சார்ம்பாரு. 28 நாள் க்யூப் டெஸ்ட்டையும் (அதே கான்கிரீட்ல கட்டி போட்டு, 28 நாள் கழிச்சு அழுத்தி பலம் பாக்குறது) வெளி ஆளு விடாம கேப்பாரு. என் ஓட்டு அவருக்குத்தான், பட்ஜெட் இடிச்சா ரூஃப்புக்கு மட்டுமாவது கூப்பிடுங்க.