சத்தமில்லாத கேஸ் ஃபேன்: ஒரு நாக்டுவாவா, ஐந்து ஆர்க்டிக்கா?

சத்தமில்லாத டெஸ்க்டாப் வேண்டும் என்று, கேஸில் (கணினியின் கூட்டில்) மாட்ட ஃபேன் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் இதுதான்: நாக்டுவா நிறுவனத்தின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 என்ற 120 மில்லிமீட்டர் ஃபேனை ஒன்றிரண்டு வாங்குவதா, இல்லை கிட்டத்தட்ட ஒரு நாக்டுவாவின் விலையிலேயே ஐந்தாகக் கிடைக்கும், அதே அளவுள்ள ஆர்க்டிக் நிறுவனத்தின் பி12 ஃபேன் பொதியை எடுப்பதா? நான் எடுத்தது பொதியைத்தான். சிபியுவின் சூட்டை இறக்கும் உலோகத் தகடுகளின் அடுக்கில் (ஹீட்சிங்க்) மட்டும் ஒரு நாக்டுவா போட்டிருக்கிறேன். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தரத்தில் நாக்டுவாதான் மேல், அதில் வாதமே இல்லை. 2018-இல் வந்த இந்த ஃபேனில் இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. சாதாரண பிளாஸ்டிக்கில் இவ்வளவு நெருக்கமாக வார்த்தால், சூட்டிலும் வேகத்திலும் இறக்கை மெல்ல நீண்டு சட்டத்தில் உரசிவிடும். அதனால்தான் ஸ்டெராக்ஸ் என்ற விறைப்பான பாலிமரைப் பயன்படுத்துகிறார்கள். ரப்பர் மவுண்ட், வேகத்தைக் குறைக்கும் ஒயர், இரண்டாகப் பிரியும் ஒயர், நீட்டிப்பு ஒயர் எல்லாம் பெட்டியிலேயே வந்துவிடும். ஆறு வருட வாரண்டி வேறு. ஆர்க்டிக் பொதியில் ஃபேனும் திருகாணியும்தான். நாக்டுவாவின் அந்தப் பழுப்பு நிறத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் டெசிபெல் எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். பெரும்பாலும் அது முழு வேகத்தில் எடுத்த அளவு. ஒவ்வொரு நிறுவனமும் தன் முறைப்படி அளக்கிறது. சத்தம் பிடிக்காதவர் எவரும் ஃபேனை முழு வேகத்தில் ஓட்டப்போவதும் இல்லை.

விஷயம் முழுக்க வேகத்தில்தான் இருக்கிறது. ஒரு ஃபேன் தள்ளும் காற்று அதன் வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும், குறையும். சத்தம் அப்படி இல்லை. வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபெல் இறங்கும். அதே மாதிரியான இன்னொரு ஃபேனைப் பக்கத்தில் வைத்தால் கூடுவது 3 டெசிபெல்தான். இப்போது கணக்குப் போடுங்கள். 1,200 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) சுற்றும் ஒரு ஃபேனுக்குப் பதிலாக 600-இல் இரண்டு. கணக்குப்படி காற்று அதே அளவு, சத்தம் 12 டெசிபெல் குறைவு. 10 டெசிபெல் குறைந்தாலே காதுக்குப் பாதி சத்தமாகத் தோன்றும் என்பார்கள். அந்த அரை மில்லிமீட்டர் நுட்பம் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும், இந்த இறக்கத்தை ஈடுகட்டுவது கஷ்டம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வேகம் பாதியானால் காற்றை உந்தும் அழுத்தம் கால் பங்காகிவிடும். கேஸின் முகப்பு கண்ணாடியால் மூடியிருந்தாலோ, ஃபில்டர் நெருக்கமான துணி போல இருந்தாலோ, 600 ஆர்பிஎம் ஃபேன் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும், உள்ளே காற்று வராது. நான் சொல்லும் கணக்கு முகப்பில் திறந்த மெஷ் உள்ள கேஸுக்குத்தான் பொருந்தும். மூடிய கேஸை ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் இந்தப் போட்டியே வேறு.

பி12-ஐப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் குறை ஒன்று உண்டு: 1,000 ஆர்பிஎம்மை ஒட்டி ஒரு ரீங்காரம். அதை மறைத்துவிட்டு இதைப் பரிந்துரைப்பது சரியல்ல. ஆனால் எந்த ஃபேனுக்கும் இப்படி ஏதாவது ஒரு வேகம் இருக்கக்கூடும். அதை நம் கேஸிலேயே கண்டுபிடிக்கலாம். மற்ற ஃபேன்களை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் 500-இல் தொடங்கி ஐம்பது ஐம்பதாக ஏற்றுங்கள், காதை மெஷ் அருகே வையுங்கள். ஓரிடத்தில் காற்றின் ‘ஸ்ஸ்’ ஓசைக்கு அடியிலிருந்து ஒரு ‘ம்ம்’ கிளம்பும். உடனே பக்கவாட்டுத் தகட்டின் மேல் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். ‘ம்ம்’ நின்றுவிட்டால் அதிர்வது தகடு. ஒரு துண்டு ஃபோம் ஒட்டினால் போதும். நிற்கவில்லை என்றால் அது ஃபேனின் குரல். அந்த வேகத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ஃபேன் கர்வ், அதாவது எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்ற கோடு, போடும்போது அங்கே தங்காமல் 850-இலிருந்து நேரே 1,200-க்குத் தாவுகிற மாதிரி செங்குத்தாக வரைந்துவிடலாம். சாதாரண வேலையில் 850-ஐத் தாண்டவே வேண்டியிருக்காது.

கர்வ் என்றதும் இன்னொன்று. ஒரே சீரான மெல்லிய சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும்; ஏறி இறங்கும் சத்தத்தை மறக்காது. பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தாலே சிபியு சூடு ஒரு நொடி எகிறி இறங்கும், ஃபேனும் கூடவே குதிக்கும். பயாஸில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தாமத நேரம் கொடுக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதைக் கூட்டிவையுங்கள். கேஸ் ஃபேன்கள் சிபியுவைவிட கிராபிக்ஸ் கார்டின் சூட்டைப் பின்பற்றுவது இன்னும் நல்லது. அதற்குப் பெரும்பாலும் தனி மென்பொருள் தேவைப்படும். இதையெல்லாம் செய்யாமல் விலை உயர்ந்த ஃபேனை வாங்கி மாட்டினாலும் அது மூச்சுவாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம் ஏன் ஹீட்சிங்கில் நாக்டுவா? அங்கே இருப்பது ஒரே ஒரு ஃபேனுக்கான இடம். எண்ணிக்கையைக் கூட்டி வேகத்தைக் குறைக்கும் வித்தை செல்லாது. நெருக்கமான தகடுகளுக்கு நடுவே காற்றைத் தள்ள வேண்டும், பளு ஏறினால் 1,300, 1,400 என்று போகும், ரீங்காரம் வரும் வேகத்தைத் தினமும் கடந்தாக வேண்டும். அங்கே கொடுத்த காசுக்கு அர்த்தம் இருக்கிறது. வாட்டர் கூலிங்கின் ரேடியேட்டருக்கும் இதே நியாயம்தான்.

பி கொயட் நிறுவனத்தின் சைலன்ட் விங்ஸ் 4-ஐ நண்பர் ஒருவரின் கணினியில்தான் கேட்டிருக்கிறேன். மிக மென்மையாக இருந்தது, ஆனால் அவருடைய கேஸும் வேறு, அறையும் வேறு. என் சாட்சியத்துக்குப் பெரிய மதிப்பில்லை. 140 மில்லிமீட்டர் ஃபேன் பற்றியும் கேட்பார்கள். ஒரு 120-ஐ எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு 140 மாட்ட முடியும் என்றால் தயங்காமல் மாட்டுங்கள். முகப்பில் மூன்று 120-க்குப் பதிலாக இரண்டு 140 என்றால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. காற்று கடக்கும் பரப்பு கிட்டத்தட்ட அதேதான்.

ஆயுள் விஷயத்தில் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. என்னுடையவை இன்னும் வயதாகாத ஃபேன்கள். நாக்டுவா, ஆர்க்டிக் இரண்டிலும் திரவப் படலத்தில் சுற்றும் வகை பேரிங்தான், அதனால் எண்ணெய் வற்றியதும் கரகரக்கத் தொடங்கும் மலிவான ஸ்லீவ் பேரிங் கதை இங்கே வராது என்று நம்புகிறேன். நீண்ட காலம் கவலையே வேண்டாம் என்பவருக்கு நாக்டுவாவின் வாரண்டி ஒரு நல்ல காரணம்.

பொதி வாங்கும்போது பெயரில் பிஎஸ்டி என்று இருக்கிறதா பாருங்கள். அந்த வகையில் ஒரு ஃபேனின் ஒயரிலேயே அடுத்ததைச் செருகலாம், ஐந்தும் மதர்போர்டின் ஒரே ஃபேன் இணைப்பில் ஓடிவிடும். ஓர் இணைப்பு வழக்கமாக ஓர் ஆம்பியர் தாங்கும், இவை ஐந்தும் சேர்ந்தாலும் அதைத் தொடாது. ஒன்று மட்டும்: வேகத்தை மதர்போர்டுக்குச் சொல்வது வரிசையில் ஒரே ஒரு ஃபேன்தான். நடுவில் ஒன்று நின்றுபோனால் திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. ஃபில்டரைத் தூசு தட்டும்போது ஐந்தும் சுற்றுகின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.