"லைசென்ஸ் வேண்டாம்" என்று விற்கும் ஏர் ரைஃபிள்: பணம் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

"5.5 எம்எம், 1200 எஃப்பிஎஸ், லைசென்ஸ் தேவையில்லை, ஆல் இந்தியா டெலிவரி." ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றும் இந்த ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) விளம்பரத்தில் இரண்டு பொய், ஒரு அரை உண்மை. இதை நம்பிப் பணம் போட்டவர்களில் பலர் புகார் கொடுக்காமல் வாயை மூடிக்கொள்கிறார்கள். வாங்க நினைத்த பொருளே சட்டத்துக்கு வெளியே இருக்கும்போது எந்த முகத்தோடு ஸ்டேஷன் படியேறுவது? விற்பவன் இதைத் தெரிந்துதான் அந்த வரியை எழுதுகிறான்.

முதலில் சட்டம். 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு, அதாவது .177 அங்குலத்துக்கு மேல் போகாமலும், குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமலும் இருந்தால் ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டாம். இரண்டில் ஒன்று மீறினாலும் உரிமம் வேண்டும். ஆகவே 5.5 என்று போட்டுவிட்டு "லைசென்ஸ் ஃப்ரீ" என்பது முதல் பொய். "ஊரில் எல்லாரும் வெச்சிருக்காங்க சார்" என்பார்கள். வழக்கு வந்தால் அந்த எல்லாரும் கூட வரமாட்டார்கள்.

அடுத்தது 1200 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 1200 அடி வேகம். இதைச் சரிபார்க்கக் கால்குலேட்டர் போதும். பெல்லட்டின் (ஏர் ரைஃபிள் குண்டின்) எடையை கிரெய்னில் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) எடுத்து, எஃப்பிஎஸ் வேகத்தால் இரண்டு முறை பெருக்கி, 450240 ஆல் வகுத்தால் அடி-பவுண்டு கிடைக்கும், அதை 1.356 ஆல் பெருக்கினால் ஜூல். சாதாரண 8.4 கிரெய்ன் ஈயப் பெல்லட் 1000 எஃப்பிஎஸ்ஸில் போனாலே 25 ஜூல் ஆகிவிடும். அதே பெல்லட் 20 ஜூலுக்குள் நிற்க வேண்டுமானால் வேகம் 885 பக்கம்தான். 5.2 கிரெய்ன் எடையுள்ள லேசான அலாய் பெல்லட்டைப் போட்டுத்தான் 1200 காட்டினோம் என்று சமாளித்தாலும் கணக்கு 22 ஜூலுக்கு மேல் போகிறது. ஒன்று, அந்த வேகம் வராது, உங்களை ஏமாற்றுகிறான். இல்லை, உண்மையிலேயே வரும், உங்களை மாட்டிவிடுகிறான். மூன்றாவது வழி கிடையாது. இத்தனைக்கும் ஒலிம்பிக் 10 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பெல்லட் நொடிக்கு 170, 175 மீட்டர் வேகத்தில்தான் போகிறது, அதாவது 570 எஃப்பிஎஸ் சுற்றுவட்டாரம். ஆற்றல் ஏறக்குறைய 8 ஜூல். அந்த வேகத்தில் அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்கிறார்கள். வேகத்தை மட்டும் சொல்லி பெல்லட் எடையைச் சொல்லாத விளம்பரத்தை அப்படியே தாண்டிப் போய்விடுங்கள்.

டெலிவரி மட்டும் அரை உண்மை. ஒழுங்கான விற்பனையாளர்களும் பார்சலில் அனுப்புகிறார்கள்தான். ஆனால் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்டு வாங்கி, சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில்லோடு அனுப்புவார்கள். சான்றே கேட்காமல் "உடனே டிஸ்பேட்ச்" என்பவனிடம் அனுப்புவதற்குப் பொருளே இருக்காது.

முன்பணம் பறிக்கும் கூட்டத்தின் நடைமுறை ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ராணுவத்தில் இருப்பதாகவும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவதாகவும் சொல்லி ஒரு ஐடி கார்டு படம் வரும். விலை சந்தை விலையில் பாதி. முதலில் புக்கிங் என்று சின்னத் தொகை. அது போனதும் பேக்கிங், பிறகு இன்ஷூரன்ஸ், பிறகு "திரும்பக் கிடைக்கும் டெபாசிட்". பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று கியூஆர் கோடு அனுப்புவார்கள். அதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். கடைசியில், "போலீஸ் பேசுகிறேன், உன் பெயரில் ஆயுதப் பார்சல் பிடிபட்டிருக்கிறது" என்று வேறு நம்பரிலிருந்து மிரட்டல் வரும். அதுவும் அதே கும்பல்தான். பயந்து அனுப்பும் பணம் முதலில் இழந்ததைவிடப் பெரிதாக இருக்கும்.

நேரில் பார்த்து வாங்கும் பழைய ரைஃபிளில் ஏமாற்று வேறு விதம். பேரலை, அதாவது குழலை, மடித்து லோடு செய்யும் ஸ்பிரிங் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வருவதற்குச் சற்று முன், பேரலுக்குப் பின்னால் காற்று வரும் சின்னத் துளையில் ஒன்றிரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவைப்பார்கள். சுட்டதும் பட்டாசு போல டப் என்று சத்தம், பேரல் வாயில் புகை. "பவரைப் பாருங்க" என்பார்கள். அது பவர் இல்லை. அழுத்தக் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றி எரிகிறது, டீசலிங் என்பார்கள். உள்ளே காற்றைத் தள்ளும் பிஸ்டனின் சீலைக் கருக்கும், ஸ்பிரிங்கை உடைக்கும். புதுத் துப்பாக்கியில் முதல் இருபது முப்பது ஷாட்டுக்கு லேசாகப் புகைவது சகஜம். பல வருடம் ஓடிய துப்பாக்கி புகைந்தால் காரணம் கேளுங்கள்.

குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் கூட்டிப் போங்கள். நீங்களே வாங்கிவந்த, எடை தெரிந்த பெல்லட்டைப் போட்டுப் பத்து ஷாட். நல்ல நிலையில் உள்ள ஸ்பிரிங் ரைஃபிளில் மிக வேகமான ஷாட்டுக்கும் மிக மெதுவானதற்கும் இருபது எஃப்பிஎஸ் அளவுக்குத்தான் வித்தியாசம் இருக்கும். ஐம்பதைத் தாண்டினால் சீல் போயிருக்கிறது, அல்லது எண்ணெய் எரிகிறது. வேகம் ஒரே சீராக, ஆனால் குறைவாக வந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்; அது மாற்றக்கூடியதுதான், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசலாம்.

பெல்லட் போடாமல் சுட்டுக் காட்டினால் வாங்காதீர்கள். முன்னால் அடைப்பு இல்லாததால் பிஸ்டனைத் தாங்கக் காற்று மெத்தை இருக்காது. நேராகப் போய் உலோகத்தில் மோதும். உங்கள் எதிரிலேயே இப்படிச் செய்பவர் வீட்டில் எத்தனை முறை செய்திருப்பாரோ.

பேரலை மடித்த நிலையில் ட்ரிகர் இழுபட்டிருந்தால் பேரல் மேல் நோக்கி வளைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. குறி பார்க்கும் பின் சைட்டை அடிமட்டத்துக்கு இறக்கிய பிறகும் 10 மீட்டரில் குண்டு மேலேயே விழுந்தால் சந்தேகப்படுங்கள். மூடிய நிலையில் பேரலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மூட்டில் துளி ஆட்டம் இருந்தாலும் குண்டுகள் ஒரு இடத்தில் சேராது. ஸ்டாக்கில் (துப்பாக்கிக் கட்டையில்) ஸ்க்ரூ இறங்கும் இடங்களில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, மெழுகு தடவி மறைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் ட்ரிகர் பிடிப்புத் தேய்ந்திருந்தால் பேரலை மூடும்போதே வெடிக்கும், ஆகவே பெல்லட் வைக்கும்போது இன்னொரு கை பேரலை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விரல் போகும்.

விட்டம் 4.5 தானா என்பதற்கும் எளிய சோதனை உண்டு. ஒரு .177 பெல்லட்டைப் பேரலின் பின் வாயில் வையுங்கள். சரியான பேரலில் பெல்லட்டின் அகன்ற பின்பக்கமான பாவாடையின் விளிம்பு பிடித்துக்கொண்டு நிற்கும். 5.5 பேரலாக இருந்தால் தடையின்றி உருண்டு முன்வாய் வழியாக விழுந்துவிடும். பழைய முத்திரையை ராவிவிட்டு .177 என்று புதிதாகக் குத்திய பேரலுக்கு இந்தச் சோதனை போதும்.

பிசிபி, அதாவது உள்ளே முன்கூட்டியே அழுத்தக் காற்று நிரப்பிவைத்துச் சுடும் ரைஃபிளில் நீங்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு காற்று நிரப்பி, மீட்டரில் 200 பார் அழுத்தம் காட்டுவார்கள். நிரப்பிய சூடு ஆறும்போது சில பார் இறங்குவது இயல்பு. அதன் பிறகு ஒரு இரவு வைத்திருந்தும் முள் அசையாமல் இருந்தால்தான் காற்றுக் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் நன்றாக இருக்கிறது. எனவே முந்தைய நாளே நிரப்பச் சொல்லி, தேதி, நேரத்தோடு மீட்டரின் போட்டோ கேளுங்கள். பம்ப் விலையில் சேர்த்தியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்; பலர் அதைப் பிறகுதான் தனியாகச் சொல்கிறார்கள். வெல்டிங் கடையில் ஆக்சிஜன் நிரப்பிக்கொள்ளலாம் என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து கிளம்பிவிடுங்கள். ஆக்சிஜனும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் சிலிண்டர் வெடிக்கும்.

பெல்லட் டப்பாவிலும் கை வைக்கிறார்கள். 500 எண்ணம், ஒன்று 0.53 கிராம் என்று போட்ட டப்பாவில் பெல்லட் மட்டும் 265 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசு போதும். எடை குறைந்தால் எண்ணிக்கை குறைவு. சரியாக இருந்தும் விளிம்புகள் நசுங்கி ஈயத் தூள் கொட்டினால், வெளிநாட்டு டப்பாவில் உள்ளூர் மலிவுச் சரக்கு.

அச்சு அசல் கைத்துப்பாக்கி போலவே இருக்கும் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயுவால் சுடும்) பிஸ்டலை "பொம்மைதான்" என்று விற்பார்கள். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உள்ள பொருள். சுங்க ஆவணம் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனால், எதிரே நிற்கும் போலீஸ்காரருக்கு அது நிஜம்தான்.

கொக்கு, முயல் சுடும் வீடியோவோடு விற்பவர்களிடமும் வாங்காதீர்கள். "காக்கா சுடுறது தப்பில்லை" என்பது பழைய கதை. காக்கா உள்ளிட்ட தீங்குயிரிகளுக்கென்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த ஐந்தாம் அட்டவணை, 2022 திருத்தத்தில் நீக்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் அமலில் இல்லை.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால்: பணம் ஆன்லைனில் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கைமாறிக்கொண்டே போகும். விளம்பரம், சாட், யுபிஐ எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள். 5.5க்குப் பணம் கட்டிப் பொருளே வராதவர்கள், ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு நடந்ததை நடந்தபடியே புகாரில் எழுதுங்கள். பொருள் வந்து, அது வரம்பை மீறியதாக இருந்தால், பிரித்து மாற்றவோ வேறொருவரிடம் தள்ளிவிடவோ முயல வேண்டாம். அதற்கும் முதலில் வக்கீல்தான். பில்லோடு வாங்கிய 4.5 ரைஃபிள் பழுதாக வந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து சீரியல் நம்பர் வரை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுத்து வைத்திருந்தால், "எங்கள் கடைப் பொருளே இல்லை" என்று அவர்கள் சொல்ல முடியாது.