யூக்கலேலேக்கு கியர் கீ மாத்தி மூண்டு வருசம்: ஒரு பதின்மூண்டரைப் பவுன் கதை

முதல்ல ஒண்டு சொல்லிப்போடுறன். ரியூனர் எண்டு ரெண்டு சாமானுக்கும் ஒரே பேர் தான் சொல்லுறாங்கள், வாத்தியத்தின்ர தலையில கவ்வி வைச்சு ஸ்கிறீனில சுருதி பாக்கிறது ஒண்டு, ஸ்ரிங்கைச் சுத்தி முறுக்கிற கீ மற்றது. நான் எழுதுறது முறுக்கிற கீயைப் பற்றி. வயலின்காறர், வீணைக்காறர் பிரடை எண்டு சொல்லுறது தான்.

2021 இல கனடாவில இருக்கிற பெரியம்மான்ர மகன் தான் பாவிச்ச ஒரு சொப்ரானோ யூக்கலேலேயை (நாலு ஸ்ரிங் போட்ட குட்டிக் கிற்றார் மாதிரி வாத்தியம், சொப்ரானோ அதில சின்னச் சைஸ்) ஊருக்கு வந்த ஒராளிட்டத் தந்து விட்டவன். சத்தம் நல்ல வடிவு, மரமும் வெடிப்பில்லாத மரம், ஆனா கீ நாலும் கியர் இல்லாத உராய்வுக் கீ. அதாவது பொத்தானை ஒரு சுத்து சுத்தினா உள்ள இருக்கிற தண்டும் சரியா ஒரு சுத்து சுத்தும், பிடிச்சு நிக்கிறது பொத்தான்ர நுனியில இருக்கிற ஒரு ஸ்குரூவின்ர இறுக்கம் மட்டும் தான். இறுக்கினா திருப்பேலாது, இளக்கினா நிக்காது. அந்த வருசம் நத்தாருக்கு கோயில்ல கரோல் பாடேக்க ரெண்டாவது பாட்டு நடுவில ஏ ஸ்ரிங் "டொய்ங்" எண்டு அப்பிடியே கீழ இறங்கிச்சு, நான் சமாளிப்பம் எண்டு மற்ற மூண்டிலயும் வாசிக்க, பின்னால நிண்ட அன்ரி ஒராள் "தம்பி, அதை வைச்சுப்போட்டுக் கையைத் தட்டுங்கோ" எண்டா. அண்டைக்கே முடிவெடுத்தனான் கீ மாத்திறது எண்டு.

அக்கா வயலின் படிப்பிக்கிறா. அவவிட்ட சொன்னா சிரிக்கிறா. "நாங்கள் மரப் பிரடையில சோக்குக் கட்டி பூசித் தள்ளித் திருப்பி வாசிக்கிறம், உனக்கு ஸ்குரூ இருந்தும் ஏலாதோ?" எண்டு. அவ சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. யூக்கலேலேயே முந்தி மரப் பிரடையோட தான் இருந்தது. மதேய்ரா தீவில இருந்து ரேவன்ஸ்கிறாக் எண்ட கப்பல்ல 1879 ஓகஸ்டில ஹொனலுலுவுக்குப் போய்ச் சேந்த போர்த்துக்கேயரில மூண்டு பேர் தச்சு வேலைக்காறர், அவை தங்கட ஊர்ச் சின்னக் கிற்றாரைப் பாத்து அங்க செய்யத் தொடங்கினது தான் இது. பிரடை வைச்சவைக்கும் சுருதி நிண்டது தானே. ஆனா அவைக்கு இருந்த பொறுமை எனக்கில்லை.

கணக்கா யோசிச்சா விசயம் விளங்கும். தண்டு 6 மில்லிமீற்றர் மொத்தம் எண்டு வைச்சால் ஒரு முழுச் சுத்துக்குக் கிட்டத்தட்ட 19 மில்லிமீற்றர் ஸ்ரிங் இழுபடும். உராய்வுக் கீயில விரலை ஒரு 10 பாகை அசைச்சாலே அரை மில்லிமீற்றர் போட்டுது, சொப்ரானோ மாதிரிக் குட்டி வாத்தியத்தில அது சுருதியை அங்கால கொண்டு போய் விட்டிடும். 14:1 கியரில, அதாவது பொத்தானை 14 தரம் சுத்தினாத் தான் தண்டு ஒருக்காச் சுத்துற கியரில, அதே 10 பாகைக்கு 0.04 மில்லிமீற்றரும் இல்லை. அதோட கியருக்குள்ள இருக்கிற புழு மாதிரித் திருகு பல்லுச் சக்கரத்தைத் திருப்பும், சக்கரம் திருகைத் திருப்பாது. அதால தான் ஸ்ரிங் எவ்வளவு இழுத்தாலும் கீ தானா இளகிறேல்லை. 14:1 ஓ 18:1 ஓ நல்லது எண்டு சண்டை பிடிக்கிறவையைக் கண்டிருக்கிறன், நாலு நைலோன் ஸ்ரிங்குக்கு அந்த வித்தியாசம் எனக்கு ஒரு நாளும் விளங்கேல்லை.

விளங்கினது வேற விசயம், அதுக்குக் காசு கட்டித்தான் விளங்கினது. 2022 நடுப்பகுதி, டொலர் 360 ரூபாக்குக் கிட்ட நிண்ட நேரம், பெற்றோலுக்கு வரிசையில நிண்டு கொண்டே போனில தேடி ஒரு ஒன்லைன் கடையில ஓடர் பண்ணினனான். படத்தில ரெண்டு இடது ரெண்டு வலது. ஏழு கிழமையால பாசல் வந்து பிரிச்சா நாலும் ஒரே பக்கக் கீ. அதைத் திருப்பிப் போட்டா மற்றப் பக்கத்துக்கும் பூட்டலாம் தான், ஆனா முறுக்கேக்க இறங்கும், இளக்கேக்க ஏறும். மனுசன் வாசிக்கிறதோ, இல்லாட்டி எந்தக் கீ எந்தப் பக்கம் எண்டு பாடமாக்கிறதோ. கடைக்காறருக்கு எழுதினா படம் அனுப்புங்கோ, வீடியோ அனுப்புங்கோ எண்டு இழுத்து, கடைசியில ரெண்டு மட்டும் மாத்தி அனுப்பினாங்கள், அதுக்கு இன்னொரு அஞ்சு கிழமை.

சாமான் கையில இருக்க அடுத்த பிரச்சினை துவாரம். பழைய உராய்வுக் கீ இருந்த துவாரம் ஆறரை மில்லிமீற்றர் தான் வரும். நான் வாங்கினது கிற்றாருக்குப் போடுறது மாதிரி மூடின கியர், முன்னால ஒரு நட்டு இறுக்கிறது, அதுக்கு 10 மில்லிமீற்றர் வேணும். வாங்க முதல் இதைப் பாத்தனானோ எண்டு கேக்காதேங்கோ. தலைப் பலகையின்ர மொத்தத்தையும் அளக்கேல்லை, நல்ல காலம் 12 மில்லிமீற்றர் இருந்தது, இன்னும் மொத்தமா இருந்திருந்தா நட்டுக்குப் புரி எட்டியிருக்காது.

நான் குருநகர் ஆள், எங்கட பக்கம் வள்ளம் கட்டுற ஓடாவி ஒராள் இருக்கிறார். ட்ரில்லைக் கொண்டு போய் "அண்ணை இதைப் பத்து மில்லிக்குப் பெருப்பிச்சுத் தாங்கோ" எண்டன். வாங்கிப் பாத்திட்டு ட்ரில்லைத் திருப்பித் தந்திட்டார். இருக்கிற துவாரத்துக்குள்ள பெரிய பிற் விட்டால் அது கடிச்சு இழுத்து மரத்தைப் பிளந்து போடும், சின்னப் பலகை தாங்காது எண்டார். பிறகு ஒரு கூர் இரும்புக் கம்பியில மட்டத்தாள் சுத்தி, முன்னால கொஞ்சம் பின்னால கொஞ்சம் எண்டு மாறி மாறி உருட்டி, இடைக்கிடை கீயை விட்டுப் பாத்து, நாலு துவாரத்துக்கு ஒண்டரை மணித்தியாலம். நான் தேத்தண்ணி வாங்கிக் கொண்டு வந்தது மட்டும் தான். பின்பக்கத்தில கீயைப் பிடிக்கிற குட்டி ஸ்குரூவுக்கு முன்னமே சின்ன ஓட்டை போட்டு, ஸ்குரூவில மெழுகுதிரி தேய்ச்சுப் பூட்டச் சொன்னவர், மூண்டுக்குத் தேய்ச்சன், நாலாவதுக்குச் சோம்பல், அதின்ர தலை முறிஞ்சு போச்சு. முறிஞ்ச துண்டு இண்டைக்கும் மரத்துக்குள்ள தான் கிடக்கு.

பூட்டி முடிய மடியில வைச்சா தலை கீழ விழுது! பழையபடி இடது கையை எடுத்தா வாத்தியம் அப்பிடியே முன்னால சாயுது. ஏன் இப்பிடி எண்டு பாக்கக் கஸ்தூரியார் வீதியில நகை வேலை செய்யுற சிநேகிதன்ர தராசில வைச்சுப் பாத்தம். பழைய கீ ஒண்டு 11 கிராம், புதுசு 27. அவன் உடனே பவுனில கணக்குப் போட்டு "நாலும் பதின்மூண்டரைப் பவுன் மச்சான், பொம்பிளை வீட்டுக்காறரிட்டச் சொல்லாதை" எண்டான். சிரிப்புத் தான், ஆனா நானூறு கிராம் கூட வராத சொப்ரானோவின்ர நுனியில 64 கிராம் கூடினா அது சின்ன விசயமில்லை. ஸ்ராப் போட்டு ஒரு வருசம் சமாளிச்சன்.

சுருதி? குறை சொல்லேலாது. அடுத்த நத்தாருக்கு ஒருக்காச் சேத்திட்டு முழுக் கரோலும் ஓடிச்சு. எண்டாலும் ஒரு உண்மையையும் சொல்ல வேணும், முதல் கிழமை புதுக் கீயிலயும் சுருதி இறங்கினது, நான் கீயைத் தான் திட்டினன். பிறகு தான் தெரியும் அது ஸ்ரிங். கீ மாத்தேக்க ஸ்ரிங்கும் புதுசு போட்டனான், நைலோன் நாலஞ்சு நாள் இழுபட்டுத் தான் அடங்கும். அடுத்தது, முறுக்கேக்க "டிக்" எண்டு ஒரு சத்தம் வந்து சுருதி திடீரெண்டு தாண்டினா அது கழுத்தின்ர மேல் நுனியில ஸ்ரிங் படுத்திருக்கிற குட்டிக் கட்டையின்ர (அதுக்கும் நட்டு எண்டு தான் பேர்) பள்ளத்துக்குள்ள ஸ்ரிங் சிக்கிறது. பென்சிலால அந்தப் பள்ளத்தில தேய்ச்சு விட்டன், சரி. சில வேளை அந்த நத்தாரில விழுந்ததிலயும் பாதிப் பழி இதுகளுக்குத் தான், ஆனா இப்ப போய் அந்த அன்ரியிட்டச் சொல்லேலாது. கியர் கீயில சுருதி கூடிப் போனா கொஞ்சம் கீழ இறக்கிப்போட்டுத் திரும்பக் கீழயிருந்து மேல வர வேணும், மேலயிருந்து இறக்கி அப்பிடியே விட்டால் பல்லுக்கிடையில இருக்கிற இடைவெளி பிறகு ஒரு பாட்டுக்குள்ள தன்ர வேலையைக் காட்டும்.

கடல் எங்கட வீட்டில இருந்து நடந்து போற தூரம். எட்டு மாசத்தில பின்பக்க ஸ்குரூ எல்லாம் கறள். கீயின்ர உடம்பு மினுங்கிக் கொண்டிருக்கு, அதைப் பிடிச்ச குட்டி ஸ்குரூ செம்மண் நிறம். வாடை தொடங்கி மழை பெய்ய இன்னும் மோசம். வள்ளச் சாமான் விக்கிற கடையில பித்தளை ஸ்குரூ குட்டிச் சைஸில எடுத்து மாத்தினன், அதுக்குப் பிறகு பிரச்சினை இல்லை.

2023 கார்த்திகையில சொப்ரானோவிலயும் பெரிய கொன்சேர்ட் சைஸ் யூக்கலேலே ஒண்டு வாங்கினன், அதுக்கு இந்த மூடின கீயைக் கழட்டிப் பூட்டினன், தலை கொஞ்சமும் சாயேல்லை, அந்த உடம்புக்கு அது கணக்கு. சொப்ரானோவுக்குப் பின்பக்கம் கியர் வெளியில தெரியுற திறந்த கீ, 14:1 தான், ஒண்டு 17 கிராம். பழைய ஸ்குரூ ஓட்டையளுக்குள்ள ஈர்க்கை பசை பூசி இறுக்கி, காய வெட்டிப்போட்டுப் புது ஓட்டை போட்டன். பெருப்பிச்ச துவாரத்துக்குப் புதுக் கீயின்ர தண்டைச் சுத்தி வாற வளையம் லூசா இருந்தது, ஓடாவி பூவரசில மெல்லிய வளையம் கடைஞ்சு தந்தவர், இந்த முறை என்னைப் பாத்துச் சிரிச்சும் போட்டார். திறந்த கியருக்கு மூண்டு மாசத்துக்கு ஒருக்காத் தையல் மெஷின் எண்ணெய் ஊசி நுனியில ஒரு பொட்டு. தேங்காய் எண்ணெய் ஒருக்கா விட்டுப் பாத்தன், தூசியெல்லாம் ஒட்டிப் பசையாப் போச்சு, கழுவ மண்ணெண்ணெய் தேவைப்பட்டது.

போன நல்லூர்த் திருவிழா சீசனுக்குக் கனடாக்காறன் வந்தவன், அவன்ர சொப்ரானோவில கோட்டோ யூ.பி.ரி. எண்ட ஜப்பான் கீ. வெளியில பாத்தா பழைய உராய்வுக் கீ மாதிரி நேரா நிக்குது, பக்கத்தால காது நீட்டிக் கொண்டில்லை, உள்ள மட்டும் 4:1 கியர். ஒரு பின்னேரம் முழுக்க நான் தான் வைச்சிருந்தன். தலை இலேசா இருக்கு, வடிவும் கெடேல்லை, 4:1 எண்டாலும் கைக்குப் போதும். சொப்ரானோ வைச்சிருக்கிறவை, காசு பிரச்சினை இல்லையெண்டால், நேரா அதுக்குப் போங்கோ. நான் போகேல்லை, அந்த நாலு கீயின்ர விலைக்கு இன்னொரு யூக்கலேலே வாங்கலாம். காசில்லாட்டி நல்ல உராய்வுக் கீயையே சரியா இறுக்கி வைச்சுப் பழகுங்கோ, சும்மா கிற்றார்க் கீயைக் கொண்டு போய்ச் சொப்ரானோவில பூட்டாதேங்கோ. கொன்சேர்ட், அதிலயும் பெரிய ரெனர் எண்டால் மூடின கியர் தாராளமாப் போடலாம்.

இப்ப நிலவரம்: கொன்சேர்ட்டில இருக்கிற மூடின கீ நாலும் நல்லா வேலை செய்யுது, ஒண்டின்ர மினுக்கம் மட்டும் உரிஞ்சிட்டுது. சொப்ரானோவில சி ஸ்ரிங்கின்ர வெள்ளைப் பொத்தான் மஞ்சளாகி வெடிச்சிட்டுது, சுப்பர் குளூ போட்டுத் தான் ஓடுது. பெரியம்மான்ர மகன் திரும்ப வரேக்க நாலு கறுப்புப் பொத்தான் கொண்டு வரச் சொல்லியிருக்கிறன், தண்டின்ர மொத்தத்தை இந்த முறை அளந்து போட்டோ எடுத்து அனுப்பிப்போட்டுத் தான்.