‘ஒரே முறை சுட்ட கேஸ்’ என்று விற்றால் நம்பாதீர்கள்: எனக்கு நடந்தது

ரைஃபிளுக்குச் சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் நிரப்புவது .308 வின்செஸ்டர் என்கிற ரகம். காலி கேஸ் (பவுடரும் குண்டும் அடங்கும் பித்தளைக் கூடு) தீர்ந்துபோனதால் ஒருவரிடம் 200 கேஸ் வாங்கினேன். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே முறை சுட்டது, கழுவி நீளம் வெட்டி வைத்திருக்கிறேன் என்றார். தங்கம் மாதிரி பளபளவென்று இருந்தன. மேலே இருந்ததில் நாலைந்தை எடுத்து அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தேன், ஒன்றுபோல இருந்தது, அதோடு விட்டுவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன்.

பழைய கேஸ்களில் பல மாதமாக ஓடிக்கொண்டிருந்த பவுடர் அளவுதான், தோட்டா நிரப்பும் கையேட்டின் உச்சத்துக்குக் கீழே. முதல் மூன்று தோட்டாவில் ஒன்றும் தெரியவில்லை. நாலாவதில் போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பூட்டு) கைப்பிடி மேலே வர மறுத்தது, உள்ளங்கையால் தட்டித்தான் திறந்தேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும், ஆனால் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) அழுக்கு இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு சுட்டேன் (திட்டுவதானால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்). ஆறாவது கேஸ் வெளியே வந்தபோது பிரைமரின் (கேஸின் அடியில் இருக்கும், ஊசி குத்தினால் பற்றிக்கொள்ளும் சிறு மூடி) விளிம்பில் வளைவே இல்லை, குழி முழுக்க அப்பியதுபோல் நிரம்பியிருந்தது. பக்கத்திலேயே கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளை பதிந்த பளபளப்பான தடம்.

பிரைமர் தட்டையானதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டுக்கும் கேஸுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, கூடுதலாக இருந்தால் அழுத்தம் குறைவான தோட்டாவிலும் பிரைமர் தட்டையாகும். போல்ட்டில் சுடும் ஊசி வரும் துளை பெரிதாக இருந்தால் பிரைமரில் ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றி மேடு கட்டும். ஆனால் போல்ட் இறுக்கமும் எஜெக்டர் தடமும் சேர்ந்து வந்தால் அழுத்தம் கூடிவிட்டது, சாக்குப்போக்குக்கு இடமே இல்லை. இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் அமைப்பான ஸாமி (பெயரே அப்படித்தான், நம் சாமி இல்லை) வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கேஸில் அடையாளம் தெரியும்போது பெரும்பாலும் அதைத் தாண்டியிருப்போம்.

மிச்சமிருந்த தோட்டாக்களை எல்லாம் பிரித்துவிட்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். தராசைச் சோதனை எடைக்கல் வைத்துப் பார்த்தேன், சரி. பவுடர் அதே லாட், மேசைமேல் வேறு டப்பா எதுவும் இல்லை. குண்டு ரைஃபிளிங்கை (குழலுக்குள் இருக்கும் முறுக்கு வரிகள்) தொடுகிறதா என்று பார்த்தேன், இல்லை, மொத்த நீளமும் பழையதுதான். கடைசியில் கேலிப்பரை எடுத்து வெறும் கேஸை அளந்தேன். இதற்கு உச்ச நீளம் 2.015 அங்குலம். ‘வெட்டி வைத்த’ கேஸ்களில் பாதிக்கு மேல் அதைத் தாண்டியிருந்தன. கழுத்து நீண்டால் வாய் சேம்பரின் முனையில் முட்டிக் குண்டைக் கவ்விக்கொள்ளும், குண்டு விடுபடத் தாமதமானால் அழுத்தம் எகிறும். சுட்ட கேஸின் வாயில் புதுக் குண்டைப் போட்டுப் பார்த்தால் தடையில்லாமல் இறங்க வேண்டும். என்னுடையதில் இறங்கவில்லை.

அப்புறம் எடை போட்டேன். இரண்டு கும்பலாகப் பிரிந்தது, ஒன்று மற்றதைவிட 10, 12 கிரெயின் (பவுடரையும் குண்டையும் எடைபோடும் சிறு அளவு) கனம். கனமானவற்றின் அடியில் முத்திரையே வேறு, வட்டத்துக்குள் கூட்டல் குறி, அதாவது நேட்டோ ராணுவக் கேஸ். மேலே நல்லதை அடுக்கி அடியில் இதைக் கொட்டியிருக்கிறார். வெளி அளவு ஒன்றேதான், பித்தளை தடித்தால் உள்ளே இடம் சுருங்கும், அதே பவுடர் அதில் வேறு ஆளாக நடந்துகொள்ளும். சந்தேகம் தீர இரண்டிலும் தண்ணீர் நிரப்பி நிறுத்தேன், கனமானதில் குறைவாகத்தான் பிடித்தது. ராணுவக் கேஸ் என்றாலே கெட்டதில்லை, அதற்கென்று தனியாகப் பிரித்து, பவுடரைக் குறைத்து, குறைந்த அளவிலிருந்து மறுபடி படிப்படியாக ஏறி வரவேண்டும். அதைச் சொல்லி விற்கவேண்டியதுதானே?

‘ஒரே முறை’ என்பதும் பொய்தான். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுவரோடு இழுத்தால் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பல கேஸ்களில் பள்ளம் தட்டியது, அந்த இடத்தில் கேஸ் இரண்டாகப் பிளக்கத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். சிலவற்றில் புதுப் பிரைமர் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது, அதாவது குழியே தளர்ந்திருந்தது.

இதற்கு நடுவில் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் வேறு போனேன். சுட்ட கேஸைக் கையில்கூட வாங்கிப் பார்க்காமல், சேம்பர் இறுக்கம், பாலிஷ் போட்டால் போதும் என்று போட்டுக் காசும் வாங்கினார்.

விற்றவரிடம் படத்தோடு கேட்டதற்கு, “உங்கள் பவுடரில்தான் கோளாறு, இத்தனை பேர் வாங்கினார்கள், யாரும் சொன்னதில்லை” என்றார். பணம் திரும்பவில்லை. 200 கேஸையும் இடுக்கியால் நசுக்கி, வேறு யாரும் எடுத்து நிரப்ப முடியாதபடி பழைய பித்தளைக்குப் போட்டுவிட்டேன். நேற்று பார்த்தால் அதே படம், அதே பளபளப்பு, ‘ஒரே முறை சுட்டது’ என்று இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்.